எல்லாரும் இடது காலைத்தான் கேட்டார்கள்

எனக்கு எழுத்து ஒழுங்காக வராது, மன்னிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். சிலது முன்பின்னாக வரும், சிலது மறந்தும் போயிற்று.

இடது கால் திடீரென்று குளிர்ந்து வெளிறிவிட்டது. இரத்தம் கட்டியாகி, காலுக்கு இரத்தம் ஓடும் நாடியை அடைத்திருக்கிறது என்றார்கள் ஆஸ்பத்திரியில். காலை வெட்டித் திறக்காமல், வலது தொடைச் சந்தில் சிறு துளை போட்டு, அதன் வழியாகக் குழாய் விட்டு, இடது காலில் உள்ள கட்டியை உறிஞ்சி எடுப்பார்களாம். டொக்டர் ஆங்கிலத்தில் நெடுநேரம் விளக்கினார். மகன் எனக்குச் சொன்னது ஒரு வரிதான்.

"சின்ன ஓட்டைதான் அம்மா, பயப்பிடாதேங்கோ."

அரிதாக என்னென்ன வரலாம் என்று டொக்டர் சொன்னதை அவன் சொல்லவில்லை. நான் பயந்துவிடுவேனாம்.

கட்டியை எடுத்தார்கள். காலில் சூடும் நிறமும் வந்தன. மோர்டன் என்ற இடத்தில் இருக்கும் மகன் வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் துளை போட்ட இடத்தில் வீக்கம் கண்டது. தேசிக்காய் அளவு இருக்கும், எலுமிச்சங்காய்தான். அந்த இடத்தை யாரிடம் சொல்வது? வந்தவர்கள் எல்லாரும் இடது காலைத்தான் கேட்டார்கள். அதற்கு ஒரு குறையும் இல்லை. அதையே சொன்னேன்.

ஒருநாள் காலை ஆஸ்பத்திரி நர்ஸ் என் நலம் விசாரிக்க மகனின் போனுக்கு எடுத்தாள். வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தவன் என் பக்கம் திரும்பினான்.

"கால் ஓகேதானே அம்மா?"

"ஓம், கால் ஓகே. ஆனா…"

அதற்குள் அவன் ஆங்கிலத்துக்குப் போய்விட்டான். போனை வைத்துவிட்டு, "அம்மா இனி பஸ்ஸுக்குப் பின்னால ஓடிக் கலைச்சுப் பிடிப்பா" என்று சிரித்தபடி வெளியே போனான். நான் வாயை மூடிக்கொண்டேன். அந்த எரிச்சல் இன்றைக்கும் போகவில்லை, என்மேலும்தான்.

இரண்டு நாள் கழித்துக் குசினியில் சமைத்துக்கொண்டிருந்தபோது மருமகள் கண்டுபிடித்தாள்.

"மாமி, ஏன் காலை அகட்டி நடக்கிறீங்கள்?"

"ஒண்டுமில்லை பிள்ளை."

"ஒண்டுமில்லாட்டி வாத்து மாதிரியோ நடக்கிறது? காட்டுங்கோ."

"கூச்சமாக் கிடக்கு."

"நானும் பொம்பிளைதானே மாமி."

கை வைத்தவள் சட்டென்று எடுத்துவிட்டாள். வீக்கம் நெஞ்சைப்போலத் துடித்தது.

உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். நாடியில் போட்ட துளை மூடாமல், இரத்தம் கசிந்து பைபோல நிற்கிறதாம். அரிதாகத்தான் வருமாம். வெடித்திருந்தால் உயிருக்கே ஆபத்தாம். அந்தப் பைக்குள் இரத்தத்தை உறைய வைக்க ஊசி போட்டார்கள். கட்டியை எடுத்தவர்களே கட்டியாக்க ஊசி போடுகிறார்கள். மருமகளுக்குச் சிரிப்பு வந்தது, எனக்கு வரவில்லை. வீக்கம் மெல்ல வற்றியது.

"என்னட்டைச் சொல்லியிருக்கலாமே அம்மா" என்றான் மகன்.

"அந்த இடத்தை உன்னட்டை எப்பிடியடா சொல்லுறது?"



பிறகு ஆஸ்பத்திரிக் கடிதம் வந்தது. மருமகள் வாசித்துச் சொன்னாள். நோயாளியோடு போனில் பேசியதாகவும், தனக்கு எந்தக் குறையும் இல்லை என்று அவரே சொன்னதாகவும் எழுதியிருக்கிறார்கள். அந்த நர்ஸ் என் குரலையே கேட்டதில்லை.

நாள்கணக்கும் வைத்தியச் சொற்களும் நான் பிழையாக எழுதியிருக்கக்கூடும். ஆங்கிலம் தெரிந்த ஒருவர் அந்தக் கடிதத்தை வைத்துச் சரிபார்த்துத் தாருங்கள். ஆனால் நானே போனில் பேசினேன் என்ற அந்த ஒரு வரிக்கு மட்டும், நான் எழுதியதை அப்படியே விட்டுவிட்டுக் கடிதத்தைத் திருத்தச் சொல்லுங்கள்.