ரூத் கைக்கு வராத நாள்

ரூத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இருபது வருசத்துக்குக் கிட்ட ஆகிவிட்டது, அது செத்தும் போயிருக்கும், ஆனாலும் இல்லை. ரூத் ஒரு பருந்து. பருந்தோடு என்ன கோபம் என்று கேட்கிறவர்கள், ஒரு வகுப்பே பார்த்துக்கொண்டிருக்க ஒரு பருந்திடம் அவமானப்பட்டுவிட்டு வந்து கேட்கட்டும். அப்போது பதில் சொல்கிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. ஒஸ்லோவில், ரொம்சோஸ் பக்கம் ஒரு மாடிக் கட்டடத்தில் ஆறாம் மாடியில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பி. சித்தப்பா கலியாணம் முடித்த நாலாம் மாதமே ஊரை விட்டு வந்தவர். சித்தி யாழ்ப்பாணத்தில் காத்துக்கொண்டிருந்தா. அவவைக் கூப்பிட வேண்டுமென்றால் சித்தப்பா நிரந்தர வேலைக் கடிதம் காட்ட வேண்டும். கடிதம் இல்லையென்றால் விசா இல்லை. எங்கள் வீட்டில் சோற்றுக்கு இருந்தாலும் இதுதான் கதை, தேத்தண்ணி குடித்தாலும் இதுதான் கதை.

கடைசியில் வேலை தேடித்தரும் அரசாங்க அலுவலகம் அவரை மொழி பழகவென்று ஒரு வேலையிடத்துக்கு அனுப்பியது. பிராக்சிஸ் என்பார்கள். ஆறு மாதம் ஒழுங்காகச் செய்தால் அங்கேயே வேலைக்கு எடுப்பார்கள். மற்றப் பிள்ளைகளின் சித்தப்பாமாருக்குக் கடை கிடைத்தது, ஹோட்டல் கிடைத்தது. எங்கள் சித்தப்பாவுக்குக் கிடைத்தது லோறென்ஸ்கூக் தாண்டிக் காட்டோரத்தில் பறவைக் கூடு கழுவுகிற வேலை. அடிபட்ட, காட்டுக்குத் திரும்பிப் போக முடியாத கழுகு, ஆந்தை, பருந்துகளை ஒரு நோர்வேஜியப் பெண் அங்கே வளர்த்தாள். கையுறை போட்ட கைக்குப் பறந்து வர அவற்றைப் பழக்கி, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காட்டுவாள். நாங்கள் அவளைப் பறவைக்காரி என்றுதான் சொல்வோம்.

சனிக்கிழமைகளில் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். பறவை பார்க்க அல்ல, அவருக்காகக் கதைக்க. எங்கள் ஆட்களின் வீடுகளில் அந்த நாளில் கடிதம் வாசிப்பதும் டொக்டரிடம் வருத்தம் சொல்வதும் பிள்ளைகள்தான். பறவைக்காரி சொல்வதை நான் தமிழில் சொல்வேன், சித்தப்பா சொல்வதை நோர்வேஜியனில் சொல்வேன். மீதி நேரமெல்லாம் பறவைகளோடு கழியும்.

அதுகளின் குணங்களை நான் சொல்லத் தொடங்கினால் விடியும். ஒற்றைக் கண் கழுகு, ரயிலில் அடிபட்டது. சித்தப்பா கூடு கழுவும்வரை மகா மரியாதையாக ஒதுங்கி நிற்கும். கழுவி முடித்த கையோடு வாலைத் தூக்கிச் சுவர் முழுக்க வெள்ளையடிக்கும். வேண்டுமென்றேதான் செய்தது, சத்தியம் பண்ணுவேன். பெரிய ஆந்தைக்குப் பறவைக்காரியைத் தவிர உலகத்தில் ஒருவரையும் பிடிக்காது. வல்லூறுக்கு மூக்குநுனியில் கோபம். தின்னும்போது யாராவது பார்த்தால் செட்டையை விரித்து இறைச்சியை மூடிக்கொண்டு கத்தும், நாங்கள் என்னவோ பறித்துத் தின்ன வந்தவர்கள் மாதிரி.

ரூத் வேறு. யாரோ குஞ்சிலேயே எடுத்துக் குசினியில் வளர்த்ததால் தன்னை மனுசி என்றே நினைத்திருந்தது. என் சப்பாத்து நாடாவை இழுத்து அவிழ்க்கும். நான் சித்தப்பாவோடு கதைத்தால் பொறுக்காமல் கீச்சிடும். கட்டையிலிருந்து என் கையுறைக்கு அடியெடுத்து வைத்து ஏறி, அங்கிருந்து இறங்க மறுக்கும். அது என்னுடைய பருந்து என்று நான் முடிவு கட்டியதில் என்ன பிழை?

சட்டம் ஒன்றுதான். பறவைக்காரியைத் தவிர வேறு யாரும் தீன் போடக்கூடாது. தினமும் காலையில் ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்துத்தான் அன்றைய சாப்பாட்டை முடிவு செய்வாள். பசி இருந்தால்தான் கைக்கு வரும். வயிறு நிரம்பினால் யாரையும் மதிக்காமல் காட்டுக்குள் போய்விடும், போனால் வேட்டை தெரியாமல் பட்டினி கிடந்து சாகும். முதல் நாளே இதைச் சொன்னாள். நான்தான் சித்தப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். ஓம் ஓம் என்று தலையாட்டினார்.

அந்த மே மாதம் எங்கள் வகுப்பையே அங்கே கூட்டிப்போக முடிவானது. பிறகென்ன, நான் தரையில் நடக்கவில்லை. ரூத் முப்பது அடி தூரத்திலிருந்து பறந்து என் கைக்கு வரும் என்று வகுப்பெல்லாம் தம்பட்டம் அடித்தேன். பறவைக்காரியும் சம்மதித்திருந்தாள். சென்னையிலிருந்து புதிதாக வந்த ஒருத்தி இருந்தாள், தகப்பன் கம்ப்யூட்டர் வேலை. அவள் மட்டும் நம்பவில்லை. "ரொம்ப பீலா விடாத. உங்க சித்தப்பா கூண்டு கழுவுறவர்தானே?" என்றாள். "வந்து பாரடி" என்றேன்.

வந்து பார்த்தாள்.

வகுப்பு முழுக்க அரைவட்டமாக நின்றது. நான் கையுறையை உயர்த்தினேன், விரலிடுக்கில் இறைச்சித் துண்டு. பறவைக்காரி விசிலடித்தாள். கம்பத்தில் இருந்த ரூத் என்னைப் பார்த்தது. ஒரு காலைத் தூக்கி வயிற்றுக்குள் சொருகிக்கொண்டது. செட்டையைக் கோதியது. நான் "ரூத், ரூத்" என்று கெஞ்சினேன், வெட்கத்தை விட்டு. அது சாவகாசமாக எழும்பி, என் தலைக்கு மேலாலேயே பறந்து, காட்டோரத்தில் இருந்த மிக உயரமான மரத்தின் உச்சியில் போய்க் குந்தியது. நன்றி கெட்ட சனியன்! வகுப்பு கொல்லென்று சிரித்தது. சென்னைக்காரி மற்றவர்களுக்கு விளங்காமல் தமிழில், "செம ஷோ" என்றாள். எனக்குக் காது இரண்டும் கொதித்தது.

வகுப்பு பஸ்ஸேறிப் போனது. சித்தப்பாவோடு வீட்டுக்கு வருவதாக இருந்ததால் நான் நின்றேன். மூன்று மணித்தியாலம் பறவைக்காரி மரத்தடியில் நின்று விசிலடித்தாள். அவள் முகம் வெளிறிப்போயிருந்தது. நான் கூப்பிட்ட கூப்பிடுக்கெல்லாம் அந்தப் பருந்து தலையைக்கூடத் திருப்பவில்லை. கடைசியில் தானாக இறங்கி வந்தது. எங்கே வந்தது தெரியுமா? கூட்டடியில் நின்ற சித்தப்பாவின் தண்ணீர் வாளியில். வாளி விளிம்பில் குந்தியபடி அவரைப் பார்த்துச் செல்லமாகக் கீச்சிட்டது. அப்போதுதான் எனக்கு எல்லாம் வெளித்தது.

பறவைக்காரிக்கும் வெளித்தது. கழுத்துக்குக் கீழே தீன்பை புடைத்திருந்ததைத் தடவிப் பார்த்தாள். தராசில் வைத்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டு, சித்தப்பாவிடம் கேட்டுச் சொல்லச் சொன்னாள். அவள் கத்தவில்லை.

தீன் போட்டாரா என்று முதலில் கேட்டாள். சித்தப்பா ஓம் என்றார், தீனுக்கு வைத்திருந்ததில் மூன்று கோழிக்குஞ்சு. சொன்னேன். போடக்கூடாது என்று தெரியுமா என்றாள். தெரியும் என்றார். அதையும் சொன்னேன். அப்படியென்றால் ஏன் போட்டார், அதைத் தனக்கு விளங்கப்படுத்தட்டும் என்றாள்.

சித்தப்பா கையிலிருந்த தும்புத்தடியைக் கீழே வைத்தார். "பிள்ளை, இப்பிடிச் சொல்லு. பசியோட உன்ரை கையிலை பாய்ஞ்சா நகத்தாலை கிழிச்சுப்போடும் எண்டு பயந்துபோனன். கொஞ்சம் வயிறு நிரம்பினா ஆறுதலா வந்து இருக்கும் எண்டு நினைச்சன். பிழைதான். இனி என்ரை சீவியத்திலை செய்யமாட்டன். எனக்கு இந்த வேலை வேணும், சித்தியைக் கூப்பிடவேணும் எண்டு சொல்லு. கெஞ்சிக் கேக்கிறார் எண்டு சொல்லு."

நான் அவரைப் பார்த்தேன். எனக்காகவாம்! என் மானத்தை நடுச் சபையில் வாங்கியது எனக்காகவாம்! அந்த நேரம் எனக்குச் சித்தியும் தெரியவில்லை, விசாவும் தெரியவில்லை, வகுப்பின் சிரிப்புத்தான் கேட்டது. பறவைக்காரியிடம் திரும்பி, "வெத் இக்கெ" என்றேன்.

தெரியாதாம்.

பறவைக்காரி ரூத்தைத் தூக்கிக் கூட்டுக்குள் விட்டுக் கதவைப் பூட்டினாள். ஏன் செய்கிறேன் என்று தெரியாமல் செய்கிற ஒருவரை இந்தப் பறவைகளோடு தன்னால் விட முடியாது என்றாள். திங்கட்கிழமை வரவேண்டாம் என்றாள். அதை நான் ஒரு சொல்லுத் தவறாமல் தமிழில் சொன்னேன்.

அதற்குப் பிறகு ஒஸ்லோவில் சித்தப்பாவுக்கு ஒன்றும் சரிவரவில்லை. வடக்குக் கோடியில், ஹம்மர்பெஸ்டில் மீன் வெட்டுகிற வேலைக்குப் போனார். அங்கே நிரந்தரமாக எடுக்க இரண்டு வருசம் பிடித்தது. அதற்குள் ஊரில் சண்டை திரும்பவும் தொடங்கி, பாதையும் பூட்டி, சித்தி இருக்கிறாவா இல்லையா என்றே தெரியாமல் வாரக்கணக்கில் டெலிபோனுக்கு முன்னால் குந்தியிருந்தோம். கடைசியில் வந்து சேர்ந்தா. வந்து சேர்ந்தா என்று இரண்டு சொல்லில் எழுதுகிறேன், எனக்கு இது பழக்கம்தானே.

யாரிடம் கோபப்படுவது? பத்து வயதுப் பிள்ளையின் வாயில் ஒரு மனுசனின் சீவியத்தைக் கொண்டுபோய் வைத்தது யார்? அலுவலகமா, பறவைக்காரியா, என் அப்பா அம்மாவா? ஒரு பெரிய ஆளைக் கூப்பிட்டிருக்க முடியாதா? இப்படி எல்லோரையும் ஒரு சுற்று ஏசி முடித்தால், எஞ்சி நிற்பது நான்தான். சித்தப்பா சொன்னது ஏழெட்டு வசனம். நான் சொன்னது இரண்டு சொல். பாஷை தெரியாவிட்டாலும் வித்தியாசம் தெரியும். அதுவும் வெத் இக்கெ! இந்த நாட்டுக்கு வந்த எந்தத் தமிழனுக்கும் முதல் கிழமையே பாடமாகிவிடும் சொல் அது. சித்தப்பாவே ஒரு நாளைக்குப் பத்துத் தரம் சொல்வார்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து விசயத்தைச் சொன்னதும் அப்பா குதித்தார். சித்தப்பாவை ஏசி முடித்து, என் பக்கம் திரும்பினார். "நீயும் பக்கத்திலைதானே நிண்டனீ. ஒழுங்கா விளங்கப்படுத்திச் சொன்னனியோ?"

சித்தப்பா குனிந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அவளை ஏசாதைங்கோ அண்ணை. பிள்ளை நான் சொன்னதெல்லாம் ஒண்டும் விடாமச் சொன்னவள். அந்த மனிசிதான் கேக்கேல்லை."

பாவம் மனுசன், ஒன்றுமே விளங்கவில்லை என்று நினைத்தேன். தப்பினேன் என்ற சந்தோசத்தில் அன்று இரண்டாம் தரமும் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.