நீலக் கதவு வீட்டுக்கான ஜெபம்

எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியத்தில் தையல்காரி அக்கா ஜெபிக்க ஆரம்பித்தால், கூரை இரண்டு அங்குலம் எழும்பிவிட்டுத்தான் இறங்கும். நானே அளந்து பார்த்திருக்கிறேன்.

பிள்ளை பெற்றவளுக்குக் குட்டிச் சட்டை தைத்துக் கொடுப்பது, கைக்குழந்தையோடு தவிப்பவள் ஒரு மணி நேரம் தூங்க வழி செய்வது, முறைத்துக்கொண்ட புருஷன் பெண்டாட்டியை எதிரெதிரே உட்காரவைத்துப் பேசவைப்பது, இவைதான் ஐக்கியத்தின் வேலை. கடைசி வேலையில் அக்காவை மிஞ்ச ஆளில்லை. குண்டூசிகளை வாயில் கவ்வியபடியே கேட்பார். அதனால் குறுக்கே பேசமாட்டார். எல்லாரும் அவரிடம் மனதைக் கொட்டியதற்கு அதுவே காரணம்.

அப்படிக் கொட்டியவள்தான் பேக்கரிக்காரரின் மனைவி. புருஷன் கோபித்துக்கொண்டு போய்ப் பத்து நாளாகக் கடையிலேயே, மாவு மூட்டைகளின் மேல் படுக்கிறார்.

"சனிக்கிழமை வீட்டுக்கு வர்றேன்னிருக்காருக்கா. அதுவரைக்கும் யாருக்கும் தெரியக்கூடாது. தெரிஞ்சா ரோஷத்துல வரவே மாட்டாரு."

"என் வாயிலருந்து வருமா தங்கச்சி?"

வியாழக்கிழமைக் கூட்டத்தில் வந்தது. நல்லவேளையோ கெட்டவேளையோ, அவள் அன்று வரவில்லை. அக்கா கண்ணை மூடினார்.

"கர்த்தாவே, பேர் சொல்ல விரும்பல. நீலக் கதவு வீட்டுச் சகோதரிய உமக்குத் தெரியும். அவ புருஷன் மாவு மூட்டை மேல படுத்திருக்காரு ஆண்டவரே. முதுகு வலி வேற..."

பெயர் மட்டும்தான் பாக்கி. முப்பது பேர் ஆமென் சொன்னோம். என்னுடையதுதான் பலமான ஆமென். ஒரு கண்ணைப் பாதி திறந்து, யார் யாரைப் பார்க்கிறார்கள் என்றும் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் ரொட்டி வாங்கப் போன மூன்று பேர், "அண்ணே, உங்களுக்காக ஜெபிக்கிறோம்" என்றார்கள். நாலாவதாகப் போனவள் முதுகுக்குத் தைலமே கொடுத்துவிட்டு வந்தாள். அந்த மகராசி நான்தான்.

சனிக்கிழமை அவர் வீட்டுக்கு வரவில்லை.

திங்கட்கிழமை அக்கா பேக்கரிக்குப் போனார். துணைக்கு நானும் போனேன். போனேன் என்பதைவிட, அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"அண்ணே, உங்க வீட்டுக்காரி என்னை நம்பித்தான் சொன்னா. நான்தான் ஜெபத்துல சொல்லிட்டேன்."

அவர் ரொட்டி அடுக்குவதை நிறுத்தவில்லை. "கடவுளுக்குச் சொன்னீங்களா, ஊருக்குச் சொன்னீங்களா?"

அன்று வாயில் குண்டூசி இல்லை.  அக்கா மறைக்காமல் சொன்னார்: "ஊருக்குத்தாண்ணே. ஜெபம்னு பேர் வச்சுக்கிட்டேன்."

"அவ வேற யார்கிட்டயும் சொல்லலையா?"

"ஒரு வார்த்தை சொல்லல."

"சரி, போங்க."

அடுத்த வியாழக்கிழமை ஒருத்தி கேட்டாள்: "அக்கா, நீலக் கதவு வீட்டுக்கு ஜெபிங்களேன். அவரு வந்துட்டாரா?"

அக்கா எழுந்தார். "கர்த்தாவே, உமக்குத் தெரியும். ஆமென்." உட்கார்ந்துவிட்டார். கூரை அசையவில்லை.

பேக்கரிக்காரர் வீட்டுக்கு வந்துவிட்டார். நீலக் கதவுக்கு வெளியே மாவு படிந்த செருப்பை நானே பார்த்தேன். முதல் முறையாக, பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை.

அவர் மனைவி மட்டும் பிறகு கூட்டத்துக்கு வரவேயில்லை. தெருவில் எங்களைப் பார்த்தால், "நல்லாயிருக்கீங்களாக்கா?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டு நடையைக் கட்டுவாள். என் தைலப் புட்டி, மூடி திறக்காமலே என் ஜன்னலுக்குத் திரும்பி வந்திருந்தது. இப்போது எனக்கே முதுகு வலி. அதை எடுக்கத்தான் கை வரவில்லை.