வாழ்த்து வாசிக்கப் போன மாப்பிள்ளை

பாக்கியசீலன் அண்ணனைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். மற்றதெல்லாம் பிறகுதான். என் பெரியம்மா மகன். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர். வெற்றிலை பாக்குகூடப் போடாத மனிதர். அவருக்கு இருந்தது ஒரே ஒரு போதை. யாராவது வந்து, உங்கள் குரல் மாதிரி வருமா சார் என்று கேட்டுவிட வேண்டும். அதற்கப்புறம் அவரைத் தரையில் பிடித்து நிறுத்த முடியாது.

அந்தக் காலத்தில், தொண்ணூறுகளின் தொடக்கத்தைச் சொல்கிறேன், எங்கள் பக்கம் வாழ்த்து மடல் இல்லாத கல்யாணம் கிடையாது. மாப்பிள்ளையின் கூட்டாளிகள் சேர்ந்து ரோஸ் தாளில் ஒரு வாழ்த்துப்பா அச்சடித்து, ஓரத்தில் இரண்டு கிளி போட்டு, கண்ணாடிச் சட்டம் மாட்டிக் கொண்டுவருவார்கள். தாலி கட்டி முடிந்ததும் ஒருவர் அதை மைக்கில் வாசித்து மணமக்கள் கையில் கொடுக்க வேண்டும். ‘வாழிய நீடு’ வரையில் பாட்டு. அதன் கீழே கொடுத்தவர்கள் பெயர் வரிசை. அத்தனை பெயரையும் வாசித்தே தீர வேண்டும், ஒன்று விட்டாலும் சண்டை. பந்திக்கு இலை போடும் நேரத்தில் அதை யார் காதில் வாங்கப் போகிறார்கள்? ஆனால் அண்ணன் வாசித்தால் பந்திக்கு எழுந்தவர்களும் உட்கார்ந்துவிடுவார்கள். இது அவர் சொன்னது. நான் பார்த்தவரையில் பாதிப்பேர் போய்க்கொண்டுதான் இருந்தார்கள்.

கூப்பிட்டால் எந்த ஊருக்கும் போவார். வேதக் கோயிலில் நடக்கும் கிறிஸ்தவக் கல்யாணமா, கொட்டகை போட்டு நடக்கும் இந்துக் கல்யாணமா என்ற பாகுபாடே கிடையாது. ஆனால் எப்படிப் போவது, எந்த பஸ், திரும்பி வர வழி உண்டா என்று ஒன்றும் விசாரிக்க மாட்டார். ஒருமுறை கூடங்குளத்துக்குப் போய் இறங்கிய பிறகுதான் கல்யாணம் அடுத்த வாரம் என்று தெரிந்தது. திரும்ப பஸ் இல்லை. கோயில் வராந்தாவில் கொசுக்கடியோடு படுத்துக் கிடந்துவிட்டுக் காலையில் வந்தார். நான் திட்டினேன். கடல் காற்று நல்ல சுகம் என்று சொல்லிவிட்டு, மறுவாரம் சிரித்த முகமாய் மறுபடியும் போனார். அப்படிப்பட்டவரிடம் என்ன பேச முடியும்?

இத்தனை கல்யாணத்துக்குப் போனவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெரியப்பா சின்ன வயதில் போய்விட்டார். இரண்டு தங்கைகளையும் இவர்தான் கரையேற்றினார். அப்புறம் பெரியம்மா படுக்கையில் விழுந்தாள். அவளைக் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டி, கடைசியில் அடக்கம் பண்ணிவிட்டு நிமிர்ந்தபோது அண்ணனுக்கு நாற்பத்துநான்கு வயது. தங்கைகள் கோயம்புத்தூரிலும் பம்பாயிலும் இருந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை வரும். ஒரே அறையும் அடுக்களையும் உள்ள வாடகை வீட்டில் இவர் மட்டும். காலையில் இட்லிக் கடை, மத்தியானம் மெஸ், ராத்திரி வாழைப்பழம்.

ஒருநாள் நானும் என் மனைவி ஜெபராணியும் அவரைப் பார்க்கப் போனோம். வீடு பூட்டியிருந்தது. உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அணைக்க மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு வாசலில் நின்றோம். அவர் வந்ததும் கேட்டேன். மறக்கவில்லை, வேண்டுமென்றேதான் விட்டுப் போனேன் என்றார். “கதவத் தெறக்கும்போது உள்ள ஒரு சத்தம் கெடக்கட்டுமே தம்பி” என்றார். ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். ஜெபராணி வீடு வந்து சேரும்வரை கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அன்றைக்குத்தான் இவருக்கு ஒரு வழி பண்ணாமல் விடுவதில்லை என்று தீர்மானித்தாள்.

ஜெபராணியோடு ஆசிரியப் பயிற்சி படித்தவள் சாலோமி. களக்காட்டில் நடுநிலைப் பள்ளி ஆசிரியை. தன் அண்ணன் ஞானசிகாமணி வீட்டில், பின்கட்டு அறையில் இருந்தாள். அவளுக்கும் நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. முன்பு ஒரு மாப்பிள்ளை வீட்டார் வருவதாகச் சொல்லித் தெருவெல்லாம் தெரிந்து, இவள் பட்டுடுத்திக் காத்திருக்க, கடைசிவரை வரவேயில்லை. ஏன் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லி அனுப்பவில்லை. அதற்குப் பிறகு யார் வரன் பேசினாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுவாள். ஜெபராணி போய் அந்த ரேடியோ விஷயத்தைச் சொன்னாள்.  வரட்டும் என்றாளாம் சாலோமி. ஆனால் கூடவே இன்னொன்றும் சொன்னாள்.

“வரதுன்னா நிச்சயமா வரணும் ஜெபா. இன்னொரு தடவ சீல மாத்திட்டு வாசலப் பாத்துட்டு உக்கார எனக்குத் தெம்பில்ல.”

இதை நான் அண்ணனிடம் ஒரு எழுத்து விடாமல் சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டது. நான் அப்படிச் செய்வேனா என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மனிதருக்கு அந்தக் கல்யாணம் வேண்டியிருந்தது. வீட்டுக்கு வெள்ளையடித்தார். இரண்டு கிளாஸ் புதிதாக வாங்கினார். ஒன்று உடைந்தால் இருக்கட்டும் என்று மூன்றாவதும் வாங்கினார்.

ஆவணி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் நான்கு மணிக்குப் பெண் பார்ப்பதாகப் பேச்சு. காலை ஆராதனை முடிந்ததும் எங்களோடு வந்துவிடுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். கேட்டால்தானே? சட்டை தேய்ப்புக்குக் கொடுத்திருக்கிறது, முடி வெட்ட வேண்டும், நீங்கள் முன்னால் போங்கள் என்றார். எந்த பஸ்ஸில் வருவீர்கள் என்று கேட்டதற்கு, “களக்காடு என்ன கடலுக்கு அந்தப் பக்கமா இருக்கு? ஏதாவது ஒண்ணுல ஏறி வருதேன் லே, நீ போ” என்றார். நானும் ஜெபராணியும் முன்னால் பஸ் ஏறினோம்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் அவர் வாயாலேயே சொல்லிக் கேட்டது. தேய்த்த சட்டையும் வெட்டிய முடியுமாக அவர் ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது பொழுது நிறையக் கிடந்தது. நாங்குநேரி வழியாகப் போகிற களக்காடு பஸ் கண்ணெதிரே நின்றது. அப்போதுதான் பூதத்தான் வந்து சேர்ந்தான். பத்தமடைப் பக்கம் ஒரு கிராமத்துக்காரன். அன்றைக்கு அவன் தம்பிக்குக் கல்யாணம். மாலை வாங்க வந்தவன். வாழ்த்து வாசிக்க வேண்டிய ஆள் வரவில்லையாம். அண்ணனைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டான்.

“சார், தெய்வமாப் பாத்து ஒங்கள இங்கன நிறுத்திருக்கு. போன வருசம் எங்க மாமன் கல்யாணத்துல நீங்க வாசிச்சத எங்க ஊர்ல இன்னும் பேசுதாவ. அஞ்சு நிமிசம் வந்துட்டுப் போங்க. களக்காட்டுக்கு நம்ம கார்லயே கொண்டு விடுதேன்.”

ஊரில் இன்னும் பேசுகிறார்களாம். போதுமே. அண்ணன் காரில் ஏறிவிட்டார். அதுவும் களக்காட்டுக்குப் போகிற வழிதானே, சேரன்மாதேவி போய்த் திரும்பினால் ஆயிற்று என்று தனக்குத் தானே கணக்குச் சொல்லிக்கொண்டாராம்.

தாலி கட்டி முடிந்தது. மடலைக் கையில் கொடுத்தார்கள். தொண்டையைச் சரிசெய்துகொண்டு மைக்கைத் தட்டினார். கரண்டு போய்விட்டது.

அப்போதாவது மடலைச் சும்மா வாசித்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம். அவரும் அப்படித்தான் நினைத்தாராம். ஆனால் ஒரு பெரியவர், மைக் இல்லாமல் இந்தக் குரலை வீணடிக்கலாமா, கரண்டு வரட்டும் சார் என்று சொல்லிவிட்டார். அதில் இருந்த நியாயம் அண்ணனுக்குப் பிடித்துவிட்டது. காத்திருந்தார். முதல் பந்தி முடிந்தது. இரண்டாம் பந்தியில் இவரையும் உட்கார வைத்தார்கள். மூன்றாம் பந்தி நடக்கும்போது கரண்டு வந்தது. வாசித்தார். பெயர் வரிசையையும் விடாமல் வாசித்தார். யாரோ இன்னொரு தடவை என்று கேட்டார்களாம். இன்னொரு தடவை வாசித்தார். துண்டு போர்த்தினார்கள். அதற்குள் கார் பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு மறுவீட்டுக்குப் போய்விட்டது. வந்துவிடும், வந்துவிடும் என்று உட்கார வைத்துவிட்டுப் பூதத்தானையும் காணவில்லை. வாசிக்கிறவரைதான் சாருக்கு மரியாதை. அது அவருக்கு என்றைக்குமே உறைத்ததில்லை.

கடைசியில் நடந்தே மெயின் ரோட்டுக்கு வந்து ஒரு அம்பாசமுத்திரம் பஸ்ஸில் ஏறினார். சேரன்மாதேவியில் இறங்கிக் களக்காடு பஸ் பிடிக்க வேண்டியது. பக்கத்துச் சீட்டுக்காரரும் அந்தக் கல்யாணத்துக்கு வந்தவர். பேச்சு சுவாரஸ்யத்தில் சேரன்மாதேவி பின்னால் போய்விட்டது. வீரவநல்லூரில் இறங்கி, எதிர்ப்பக்கம் நின்று, திரும்பி வந்து, ஆடி அசைந்து வந்த இன்னொரு பஸ்ஸில் ஏறி, எப்படியோ வந்து சேர்ந்தார்.

இங்கே களக்காட்டில் நாங்கள் நெருப்பில் உட்கார்ந்திருந்தோம். சாலோமி நீலப் பட்டு உடுத்தியிருந்தாள். அவளே செய்த முந்திரிக்கொத்துப் பலகாரம் தட்டு நிறைய இருந்தது. நான்கு மணிக்குப் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள். ஞானசிகாமணி பஸ் நிறுத்தத்துக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். ஐந்து மணிக்கு மேல் அந்தப் பெண்கள், விளக்குப் பொருத்தணும் என்று சொல்லிக்கொண்டு எழுந்தார்கள். போகும்போது ஒருத்தி சாலோமியின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள். அந்தத் தட்டுதலை என்னால் பார்க்க முடியவில்லை. சாலோமி எழுந்து பின்கட்டுக்குப் போனாள். திரும்பி வரும்போது பழைய பருத்திச் சேலையில் இருந்தாள்.  மூடியிருந்த முந்திரிக்கொத்துத் தட்டை எடுத்து உள்ளே வைத்தாள்.

தெருவிளக்கு எரிந்த பிறகு அண்ணன் வந்தார். வேர்த்து விறுவிறுத்து, மணிக்கட்டில் காய்ந்த சந்தனத்தோடு வாசலில் நின்றார். ஞானசிகாமணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் வாயைத் திறந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. சாலோமிதான் முன்னால் வந்து, உள்ளே வாருங்கள் என்றாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கிறவரை நின்றாள். எடுத்து உள்ளே வைத்த முந்திரிக்கொத்தை மறுபடியும் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். பஸ் கிடைக்கவில்லையோ என்று மெதுவாகக் கேட்டாள்.

இதைவிட ஒருத்தி எப்படிக் கை நீட்டுவாள்? ஆமாம், பஸ் கிடைக்கவில்லை என்று சொல்லியிருந்தால் போதும். பொய்கூட இல்லை. அண்ணனும் தலைகுனிந்துதான் ஆரம்பித்தார். என்னை மன்னிக்க வேண்டும் என்றார். உங்களைக் காக்க வைத்துவிட்டேன் என்றார். அப்போது குரல் நடுங்கியது நிஜம். அப்புறம் பூதத்தான் வந்தான், கரண்டு போயிற்று, கரண்டு வந்தது. சொல்லச் சொல்ல அவர் முதுகு நிமிர்ந்தது. முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. ஜெபராணி அவருக்குக் கண்ணைக் காட்டினாள். அவர் பார்க்கவில்லை. பையிலிருந்து அந்தத் துண்டை எடுத்து மடியில் விரித்தார்.

“ரெண்டு தடவ வாசிக்கச் சொன்னாவ, கேட்டேளா. ஒரு சத்தம் இல்ல. ஊசி விழுந்தா கேக்கும்.”

 சாலோமி அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் நம்பிக்கையோடு இருந்திருப்பேன்.

“நீங்க நல்ல மனுசந்தான்” என்றாள். “ஆனா ஒங்களுக்குக் கேக்க நாலு பேரு வேணும். இங்கன நான் ஒரு ஆளுதான இருப்பேன்.”

அதைச் சொல்லிவிட்டு, சாப்பிடாமல் போகக் கூடாது என்று எங்கள் எல்லோருக்கும் இலை போட்டாள். அவள் பரிமாற, அண்ணன் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். அப்போதும் அவருக்கு முழுசாகப் புரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

திரும்பும்போது ஜெபராணி பஸ்ஸில் முன்னால் தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டாள். என் பக்கத்தில் அண்ணன். நாங்குநேரி தாண்டும் வரை நான் அவர் பக்கம் திரும்பவில்லை. அப்படி ஒரு ஆத்திரம் எனக்கு. அவர்தான் என் கையைத் தொட்டார்.

“ஏலே தம்பி, அவ என் குரலக் கேட்டதே இல்லல்லா. ஒரு தடவ கேட்டிருந்தாள்னா…”

 நாற்பத்துநான்கு வயசு மனிதனைப் பஸ்ஸில் வைத்துக் கன்னத்தில் அறைய முடியாது. திரும்பிப் பார்த்தேன். சந்தனம் உதிர்ந்துகொண்டிருந்த கையால் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு உண்மையைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர் கேட்டு வாழ்ந்த ஒரே பேச்சைத்தான் என்னால் கொடுக்க முடிந்தது.

ஒங்க குரல் மாதிரி இந்த ஜில்லாவுலயே கிடையாது அண்ணே என்றேன். அவளுக்குக் கொடுத்து வைக்கவில்லை என்றேன்.

வழக்கமாக இந்த இடத்தில் தலையைச் சாய்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பார். அது வரவில்லை. கம்பியை விட்டுக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியாத இருட்டைப் பார்த்தபடி சொன்னார்.

“நீ சும்மா சொல்லுத.”