ரஃபேலுக்கும் சுகோய்க்கும் நான் போட்ட கையெழுத்து

நான் போட்ட கையெழுத்துகளில் பெரும்பாலானவை விமானங்களுக்காகப் போட்டவை. விமானப் படையில் பழுது பார்க்கும் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் இருந்தேன். ஒரு விமானம் பறக்கப் போகிறது என்றால் அதற்கு முன் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். எதைப் பார்த்தோம், எதை மாற்றினோம், தெரிந்த குறைபாடு ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று எழுதி, கீழே கையெழுத்து. குறைபாடு இல்லையென்றால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடக் கூடாது. 'இல்லை' என்று எழுத வேண்டும். விமானி அதைப் படித்துவிட்டுத்தான் ஏணியில் ஏறுவார். என் முகம் அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. கையெழுத்து போதும். தெரிந்தே ஒரு குறைபாட்டை எழுதாமல் விட்டவனைப் படை மன்னிக்காது. அங்கே நான் ஒருமுறைகூட அப்படி விட்டதில்லை. விட்டது சங்கரன்கோவிலில், ஓய்வு பெற்று வந்து பல வருடம் கழித்து, என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்.

அன்று என்னைத் தேடி வந்தவர் பக்கத்துத் தெருக்காரர். வாசுதேவநல்லூர்ப் பக்கம் குளத்துப் பாசன வயல், ராஜபாளையம் ரோட்டில் உரக்கடை. ஒரே மகள். ஐந்து வருடத்துக்கு முன் தரகர் ஒருவர் என் மகன் ஜாதகத்தை அவர் வீட்டுக்குக் கொண்டு போனார். இவர் அதைப் பிரித்தே பார்க்கவில்லை. டீக்கடையில் நாலு பேர் நடுவில் வைத்து, "ஏரோப்ளேன் ஓட்டுனவர் வீடுன்னா யோசிக்கலாம். இவரு துடைச்சவர்லா?" என்று சொல்லியிருக்கிறார். டீக்கடையில் சொன்னது எனக்கு வந்து சேர அரைமணி நேரம் ஆனது. என் மகன் ஓசூரில் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறான். அவனுக்கு இந்தக் கதையே தெரியாது. ஆகவே கோபம் முழுவதும் எனக்கே சொந்தமாக இருந்தது.

வந்தவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். ஜவுளிக்கடைப் பையிலிருந்து இரண்டு கவர்களை எடுத்தார்.

"அண்ணாச்சி, உங்களை விட்டா இந்த ஊர்ல விவரம் தெரிஞ்ச ஆளு கிடையாது. ஒரு சந்தேகம். ரஃபேல் ஒசத்தியா, சுகோய் ஒசத்தியா?"

அந்தச் சமயம் ஊரில் எல்லோரும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். தொலைக்காட்சி பார்த்துவிட்டு, சைக்கிள் டயருக்குக் காற்றடிக்கத் தெரியாதவன்கூட ஏவுகணை தூரம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"டீக்கடைப் பந்தயமா வே?"

"பந்தயமா? எம் பிள்ளை வாழ்க்கைலா அண்ணாச்சி. ரெண்டு வரன் வந்திருக்கு. ரெண்டும் ஏர்போர்ஸ். ஒருத்தன் தஞ்சாவூர்ல இருக்கான், சுகோய்ல வேலை. இன்னொருத்தன் அரியானாப் பக்கம், ரஃபேல்ல இருக்காம்லா."

"பிள்ளை என்ன சொல்லுதா?"

"அவ தஞ்சாவூர்ங்கா. ரெண்டு மூணு தடவை போன்ல பேசியும் இருக்கா, பிடிச்சிருக்காம். அவ அம்மைக்கு ஒண்ணுன்னா சாயங்காலத்துக்குள்ள வந்து சேந்துரலாமாம். அது சரிதான். ஆனா அதுக்காக எதையும் விசாரிக்காமக் குடுத்துர முடியுமா? எந்த ப்ளேனு ஒசத்தின்னு தெரிஞ்சா எந்த மாப்பிள்ளைன்னு முடிவு பண்ணிரலாம்."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நல்ல விமானத்தில் நல்ல பையனைப் போடுவார்கள், சுமாரான விமானத்தில் சுமாரானவனைப் போடுவார்கள் என்று அவர் நம்பினார். உர மூட்டையில் கம்பெனி முத்திரையைப் பார்த்து விலை சொல்லிப் பழகியவர். விமானத்துக்கும் அதைப் பழுது பார்க்கிறவன் குணத்துக்கும் சம்பந்தம் கிடையாது, நாலைந்து வருடத்தில் மாற்றல் வந்து இன்று சுகோயில் இருப்பவன் நாளை சரக்கு விமானத்தில் இருப்பான், பெண் கேட்ட இடத்தில் கொடும் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. அவர் அதைக் கேட்கவில்லை. அவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது என்று முடிவு செய்தேன்.

"நம்மூர்க் கோயில்ல ஒரே சிலைல ரெண்டு சாமி இருக்க மாதிரி பாதி இது, பாதி அதுன்னு சொல்லிராதீக அண்ணாச்சி. ஒண்ணைச் சொல்லுங்க."

"சுகோய் பெரிசு. நீளத்துல ரஃபேலைவிட ஆறு மீட்டருக்கு மேல கூட இருக்கும்."

"பெரிசுன்னா நல்லதுதானே?"

"பெரிசா இருந்தா எதிரி ராடார்ல சீக்கிரம் தெரியும்."

"ஐயய்யோ. ரஃபேலு?"

"சின்னது. அவ்வளவு சீக்கிரம் தெரியாது."

"இருக்க இடம் தெரியாத பையன்னு சொல்லுங்க. அது நல்ல குணம்லா?"

"சுகோய்க்கு ரெண்டு சீட்டு."

அவர் முகம் மலர்ந்தது. "குடும்பத்துக்கு அதுதானே தோது?"

"ரெண்டாவது சீட்டு பொண்டாட்டிக்கு இல்ல வே. ஆயுதம் பாக்கிற ஆபீசருக்கு. ரஃபேல்ல ஒத்தை சீட்டும் உண்டு, ரெட்டை சீட்டும் உண்டு."

"ரெண்டும் உண்டா! அப்பம் எப்படி வேணும்னாலும் வச்சுக்கிடலாம். எத்தனை வருஷமா இருக்கு ரெண்டும்?"

"சுகோய் இருபது வருஷத்துக்கு மேல. ரஃபேல் இப்பம் வந்தது."

"பழசுங்கீகளா?"

"நான் வருஷத்தைச் சொன்னேன்."

"விலை?"

"ரஃபேல் விலை ரொம்பக் கூட."

அவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். அவருக்கு அது போதும் என்று தெரிந்தது.

நான் ரஃபேலைத் தொட்டதில்லை. எல்லாம் படித்துத் தெரிந்துகொண்டதுதான். சுகோயைத் தொட்டிருக்கிறேன். கடைசி எட்டு வருடம் அதன் வயிற்றுக்கு அடியில்தான் கழிந்தது. அதன் என்ஜின்களின் பின்பக்கப் புகைவாய்கள் திரும்பும். அதனால் இவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு, இருக்கிற இடத்திலேயே திரும்புவது போல வானத்தில் திரும்பும். ஒருமுறை எண்ணெய் நிரப்பினால் வெகுதூரம் போகும். நம் நாட்டிலேயே செய்கிறோம், நாமே பழுது பார்க்கிறோம், நள்ளிரவில் உடைந்தாலும் உதிரிப் பாகம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரியும். இவற்றில் எதையும் சொல்லவில்லை. நான் சொன்னதில் பொய் ஒன்றும் கிடையாது.

"அண்ணாச்சி, இதை ஒரு தாள்ல எழுதிக் குடுத்துருங்க. குருவிகுளத்துல எங்க அண்ணன் இருக்கான், நான் வாயால சொன்னா நம்ப மாட்டான். நீங்க கையெழுத்துப் போட்டா அடங்கிருவான்."

கோடு போட்டு இரண்டு பத்தியாக எழுதினேன். நீளம், எடை, என்ஜின், இருக்கை, ராடார், சுமக்கும் ஆயுதம், விலை. கை பழக்கத்தில் கடைசி வரியாக 'குறைபாடுகள்' என்றும் எழுதிவிட்டேன். அதை நிரப்பும் முன் அவர் ரஃபேல் மாப்பிள்ளையின் கவரிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

"எப்படி நிக்கான் பாத்தீகளா? சினிமா நடிகர் மாதிரி!"

விமானத்தின் மூக்குக்குக் கீழே பையன் நின்றான். அழகாகத் தாடி ஒதுக்கியிருந்தான். பக்கத்தில் ஒரு மஞ்சள் கயிறு. கயிற்றுக்கு அந்தப் பக்கம் விமானத்தின் பெயர், நீளம், எடை எழுதிய பலகை. படையில் மத வழக்கப்படி அனுமதி பெற்ற சிலரைத் தவிர வேறு யாரும் தாடி வைக்க முடியாது. இவன் அந்தச் சிலரில் ஒருவன் இல்லை என்பது கவரில் இருந்த அவன் ஜாதகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பலகையும் கயிறும் பொதுமக்களுக்குக் கண்காட்சி திறக்கும் நாளில் வைப்பவை. விமானத்தில் வேலை பார்க்கிறவனுக்கு அதன் பெயரைப் பலகையில் எழுதி வைக்க வேண்டியதில்லை.

படத்தைத் திருப்பிக் கொடுத்தேன். குறைபாடுகள் என்ற கட்டத்தில் இரண்டு பத்தியிலும் 'இல்லை' என்று எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டு, என் பழைய பதவியையும் எழுதிக் கொடுத்தேன். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பைக்குள் வைத்தார்.

நவம்பர் வந்தது. ஓய்வூதியம் வாங்குகிறவர்கள், இன்னும் உயிரோடு இருப்பதாக நிரூபிக்க வேண்டிய மாதம். தாலுகா ஆபீசுக்கு எதிரே உள்ள கம்ப்யூட்டர் மையத்தில்தான் அவர் மகள் வேலை பார்த்தாள். அதற்குள் அவளுக்கு ரஃபேல் மாப்பிள்ளையோடு நிச்சயம் ஆகியிருந்தது.

எண்ணெயிலும் கரைப்பானிலும் ஊறி என் விரல் ரேகைகள் தேய்ந்துபோனவை. நாலு முறை வைத்தும் ரேகை பதியும் கருவி ஏற்கவில்லை.

"விரலை விடுங்க மாமா. உள்ள கண்ணைப் படம் எடுக்குற மிஷின் ஒண்ணு கிடக்கு. யாரும் அவ்வளவாக் கேக்குறதில்ல, அதான் டிராயர்ல போட்டு வச்சிருக்கோம்."

இழுப்பறையைத் திறந்து அவளே எடுத்தாள், அவளே தூசி தட்டினாள். ஒரு நிமிடத்தில் நான் உயிரோடு இருப்பது உறுதியானது. பிறகு பக்கத்தில் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு, தன் போனில் இரண்டு படங்களைக் காட்டினாள். ஒன்று என் தாள். மற்றது அந்தப் புகைப்படம்.

"மாமா, இதுல நீங்க எழுதினது எல்லாம் நிஜமா?"

"நிஜம்தான்."

"இந்தப் போட்டோ?"

"அது ரஃபேல்தான் தாயி. சந்தேகமே வேண்டாம்."

"ப்ளேனைக் கேக்கலை. இவரைக் கேக்கேன். என்ன வேலைன்னு கேட்டா ஒவ்வொரு தடவை ஒவ்வொண்ணு சொல்லுதார். அப்பாட்ட சொன்னா, ஏர்போர்ஸ்காரரே கையெழுத்துப் போட்டுட்டாரு, நீ என்னட்டி பேசுதன்னு சத்தம் போடுதாரு. உங்களுக்கு ஏதாவது தப்பாத் தெரியுதா மாமா? நீங்க ஒரு வார்த்தை சொன்னா நான் நிறுத்திருவேன்."

நேராகக் கேட்டுவிட்டாள். அவள் அப்பாவைப் போலச் சுற்றி வளைக்கவில்லை. தாடி என்ற ஒரு சொல்லைச் சொன்னால் போதும் என்று எனக்குத் தெரியும். டீக்கடையில் அவள் அப்பா சொன்ன சொல்லும் அதே நேரத்தில் ஞாபகத்துக்கு வந்தது.

"போட்டோவை வச்சு ஆளைச் சொல்லுற வேலை நான் பாக்கலை தாயி. எங்கிட்ட கேட்டது விமானம். அதுக்குச் சொன்னேன்."

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். ரசீதை அச்சடித்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

தை மாதத்தில் கல்யாணம். நானும் போனேன், சாப்பிட்டேன், பாயசம் நன்றாக இருந்தது. மாப்பிள்ளை சொந்தத்தில் ஒரு கிழவர் விமானப் படையைப் பற்றி என்னிடமே விளக்கினார். மாப்பிள்ளையோ என் பழைய வேலையைக் கேள்விப்பட்டதிலிருந்து நான் நின்ற பக்கம் வரவே இல்லை.

இரண்டு மாதத்தில் பெண் தனியாகத் திரும்பி வந்தாள். மாப்பிள்ளைக்குப் படையில் வேலை இல்லை. அந்த முகாமின் சமையல்கூடத்துக்குக் காய்கறி இறக்கும் ஒப்பந்தக்காரரிடம் ஆளாக இருந்தான். ரஃபேல் தலைக்கு மேல் பறப்பதைத் தினமும் பார்த்திருப்பான், அது உண்மை. கேட்டதற்கு அடித்திருக்கிறான். காதில் கட்டோடு பஸ்ஸிலிருந்து இறங்கினாள் என்று சொன்னார்கள்.

அவள் அப்பா அந்தத் தாளை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். இந்த முறை உட்காரவில்லை.

"அண்ணாச்சி, நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீகள்லா?"

"எதுக்குப் போட்டிருக்கேன்? படியும்."

அவர் படித்தார். நீளம், எடை, என்ஜின். உதடு அசைய அசையக் கடைசி வரிவரை வந்தார்.

"இதுல மாப்பிள்ளை பேரு எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

அவர் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அங்கேயும் இல்லை.

"ரஃபேல் நல்ல விமானம்தான்வே. இப்பவும் சொல்லுதேன். ஆனா நான் வெறும் துடைச்சவன்தானே, எஞ் சொல்லை எதுக்கு நம்புனீரு?"

அவர் முழித்தார். "துடைச்சவரா? யாரு சொன்னா?"

"நீர்தான். டீக்கடைல வச்சு. எம் மகன் ஜாதகம் வந்தப்பம்."

"நானா? எப்பம் அண்ணாச்சி?" என்று கேட்டார். நடிக்கவில்லை. நடிக்கிற தெம்பு அன்று அவரிடம் இல்லை. அவருக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லை. ஐந்து வருடமாக நான் தினமும் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்த சொல்லை, அவர் டீக்கடையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

அதோடாவது நான் நிறுத்தியிருக்கலாம். சில மாதம் கழித்து டீக்கடையில் அவரைப் பார்த்தபோது, தஞ்சாவூர்ப் பையனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, அவனை இப்போது ரஃபேலுக்கு மாற்றியிருக்கிறார்கள் என்று விசாரித்து வைத்திருந்ததைச் சொன்னேன். அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். அதன் பிறகு அந்தக் கடைக்கு அவர் வருவதில்லை.

மறுபடியும் நவம்பர். அதே மையம், அதே நாற்காலி, அதே பெண்.

"கட்டைவிரல் வைங்க."

வைத்தேன். ஏற்கவில்லை.

"அடுத்த விரல்."

அதுவும் இல்லை. பத்து விரலும் ஆனது.

"ரேகை விழலை. நாளைக்கு வாங்க."

மறுநாளும் போனேன். அதற்கு அடுத்த நாளும். குரலில் கோபம் கிடையாது, மரியாதைக் குறைவும் கிடையாது. மாமா என்ற சொல் மட்டும் இல்லை. இழுப்பறை அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. வங்கி அதிகாரியிடம் போய் நேரில் நின்று எழுதி வாங்கலாம் என்ற விதியும் எனக்குத் தெரியும். எல்லா விதியும் எனக்குத் தெரியும். ஆனாலும் தினமும் இங்கேதான் வந்து நின்றேன்.

மூன்றாம் நாள் எனக்குப் பின்னால் நின்ற திருவேங்கடத்துக்காரர் ஒருவர் பொறுமை இழந்தார்.

"ஏம் தாயி, கண்ணுல பாக்குற மிஷின் ஒண்ணு உண்டுல்லா? போன வருஷம் எனக்கு அதுலதானே எடுத்த?"

"உண்டு அண்ணாச்சி. வேணும்ங்கிறவங்க கேட்டா எடுத்துக் குடுப்பேன். இவர் கேக்கலை."

சொல்லிவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். இடது காதுக்குக் கீழே தழும்பு வெளுத்துத் தெரிந்தது. நான் கேட்டால் எடுத்துக் கொடுப்பாள், அதில் சந்தேகமில்லை. வரிசையில் எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வேட்டி நுனியில் கட்டைவிரலைத் துடைத்துவிட்டு, மறுபடியும் கருவியின் மேல் வைத்தேன்.