பச்சை விளக்குக்கு வந்த கருவி

வடசேரி சந்திப்பின் சிவப்பு விளக்கைப் பார்த்தே பஸ் டிரைவர் ஆன்ட்ரூசுக்குத் தலை நரைத்துவிட்டது. பஸ் வந்தால் சிக்னல் தானே பச்சையாக வேண்டும் என்று மனு மேல் மனு கொடுத்து, மேலதிகாரிகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஒருவழியாக நிதி வந்தது. சிக்னலை மாற்றும் கருவியை டெப்போவில் இருந்த ஒரே புது பஸ்ஸில் பொருத்தினார்கள்.

மறுநாளும் ஆன்ட்ரூசுக்குப் பழைய ஓட்டை வண்டிதான். சந்திப்பில் அதே சிவப்பு.

"புது வண்டி எங்கலே போச்சு?" என்று கண்டக்டர் ரதீஷிடம் எரிந்து விழுந்தார்.

"கீரிப்பாறைக்கு அண்ணே. மலை ஏற அதுக்குத்தானே தெம்பு உண்டு."

"அங்க சிக்னல் உண்டா?"

"ஒண்ணுகூட இல்லண்ணே. ரப்பர் தோட்டம்தான்."

ஆன்ட்ரூஸ் என்ஜினை அணைத்தார்.

"நல்லது மக்கா. ரப்பர் மரமாவது ஒதுங்கி வழி விடட்டும்."