மழைக்குள் திறந்த கப்பல்

முதலில் மன்னிக்க வேண்டும். என் கையெழுத்து கோணல், எழுத்துப் பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. ல, ள, ழ மூன்றும் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. திருத்தி வாசியுங்கள்.

என்னைப் பெற்ற ஐயா வெள்ளைக்காரக் கடற்படையின் குசினியில் சமைக்கும் கோக்கியாக இருந்தவர். அவர்கள் திருகோணமலையை விட்டுப் போனபோது ஒருவன் தன் கிட்டாரை ஐயாவிடம் கொடுத்துவிட்டுப் போனான். அந்தக் குசினியில் ஓடிய இசைத்தட்டுகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். அமெரிக்க மாட்டுக்காரர்களின் பாட்டு. பாஷை விளங்காது. ஆனால் பாடுகிறவன் வேலை செய்து களைத்தவன் என்பது விளங்கும். துறைமுகத்தில் கூலிக்குச் சேர்ந்ததும் அந்தச் சாயலில் தமிழில் பாட்டுக் கட்டத் தொடங்கினேன். பைலாப் பாட்டும் இல்லை, சினிமாப் பாட்டும் இல்லை.

தேயிலைக் கப்பலில் மழை வந்தால் வேலை நிற்கும். கங்காணி "மூடு, மூடு!" என்று கத்துவார். கப்பல் கிடங்கின் வாயை மூடி, மேலே தார் பூசிய படங்கை இழுத்துக் கட்டிவிட்டு ஓரத்தில் குந்தியிருப்போம். உள்ளே தண்ணீர் போனால் தேயிலை பூஞ்சணம் பிடிக்கும், மறுநாள் எங்களுக்கு வேலை இல்லை. என் பாட்டெல்லாம் அந்தக் காத்திருப்பில் கட்டியவை. "மழை வருகுது கண்ணே, மூடு மூடு" என்ற பாட்டுக்குக் கூட்டாளிகள் பெட்டியில் தாளம் தட்டுவார்கள். ஆனால் வெளியாட்கள் நாலு பேர் நின்றால் எனக்கு வாய் திறக்காது. கலியாண வீட்டில்கூடப் பந்தலுக்குப் பின்னால் இருந்துதான் வாசிப்பேன்.

மாதா கோயில் பாடகர் குழுவை நடத்திய பள்ளிக்கூட மாஸ்டர் ஒருவர் இருந்தார். நல்ல குரல், அதை மறுக்கமாட்டேன். ஒருநாள் என் வீட்டு வேலிக்கு வெளியே நின்று கேட்டுவிட்டு உள்ளே வந்தார். "இரண்டு நாளைக்குத் தாரும்" என்று நான் பாட்டு எழுதும் கொப்பியை வாங்கிக்கொண்டு போனார். மூன்று மாதம் கழித்துத்தான் திரும்பி வந்தார். கொழும்பில் எல்பி தட்டுப் போடப் போகிறாராம். பத்துப் பாட்டு. அதில் ஏழு என்னுடையவை.

"என்ர பேர் எங்க வரும் மாஸ்டர்?"

"உம்மட பேரா?" சிரித்தார். "சனத்துக்கு முன்னால நிக்க ஏலாத ஆளுக்குப் பேர் என்னத்துக்கு? பாடுறவன்ர பேர்தான் தட்டு மட்டையில வரும். உமக்கு ஒரு தட்டுச் சும்மா தருவன்."

தேத்தண்ணி கொண்டுவந்த என் மனைவி கோப்பையை வைத்த வேகத்தில் பாதி கதிரையில் சிந்தியது.

அவர் கொப்பியைத் திறந்தார். "இந்த மழைப் பாட்டில ஒரு குறை. மூடு மூடு எண்டால் காதலுக்குச் சரிவராது. மழை வந்தால் மனம் திறக்க வேணும். 'திற திற' எண்டு மாத்திறன். என்ன சொல்லுறீர்?"

பாட்டில் கப்பலும் இருந்தது, தேயிலையும் இருந்தது. எல்லாம் அலங்காரம் என்று நினைத்திருக்கிறார். எதை மூடச் சொல்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. ஒரு வார்த்தையில் நான் திருத்தியிருக்கலாம்.

"நல்லாத்தான் இருக்கு மாஸ்டர்."

"பாத்தீரா? படிச்சவன் கை பட்டால் பாட்டே வேற."

தட்டு வந்தது. மட்டையில் அவர் ஒரு நங்கூரத்தில் சாய்ந்து நின்றார், கையில் வாசிக்கத் தெரியாத கிட்டார். சொல், இசை, குரல் மூன்றுக்கும் அவர் பெயர்.

கோயில் திருநாளன்று பின்னேரம் கடற்கரை மேடையில் பாடினார். எங்கள் துறைமுகக் குழு முழுக்கத் தோய்த்துக் கட்டிய சாரத்தோடு வந்திருந்தது. நான் கடைசியில் மணலில் இருந்தேன். "கப்பல் நிறையத் தேயிலை, மழை வருகுது கண்ணே, திற திற" என்று கண்ணை மூடி இழுத்தார்.

எங்கள் ஆள் ஒருவன் எழும்பினான். "ஐயோ, தேயிலை நனையுது! மூடும் மாஸ்டர், மூடும்!"

"படங்கைக் கொண்டு ஓடுங்கோடா!"

யாரோ ஒரு குடையை விரித்து மேடைக்கு நீட்டினான். கோயில் சுவாமியார் சிரிப்பை மறைக்கக் கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அது ரெக்கோட் பண்ணினவை விட்ட பிழை" என்றார் மாஸ்டர்.

"அப்ப இப்ப பாடினதும் அவையோ?"

அவர் முகம் கறுத்ததை நான் ஆறுதலாக, ஒன்றும் தவறவிடாமல் பார்த்தேன். அதற்குள் கங்காணி எழும்பிவிட்டார். "இவர் கப்பலைக் கரையில நிண்டுதான் பாத்திருக்கிறார். இதைக் கட்டினவன் எங்கட ஆள். எழும்படா!"

குழுவே என்னைத் திரும்பிப் பார்த்தது. சனம் முழுவதும் பார்த்தது. எழும்பியிருக்க வேண்டும். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பிள்ளைகளின் நடனத்துக்கு அறிவித்துவிட்டார்கள்.

நான் சைக்கிளை எடுக்கும்போது மாஸ்டர் பக்கத்தில் வந்து நின்றார். "தெரிஞ்சுகொண்டுதானே நல்லா இருக்கெண்டு சொன்னனீர்?"

"ஓம் மாஸ்டர்."

அன்று வீட்டில் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன். அவர் இங்கே பிறகு பாடவில்லை. மாற்றம் வாங்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார்.

ஆனால் வெளியூரில் அந்தத் தட்டைக் கேட்டு ஒருவரும் சிரிப்பதில்லை. வானொலியில் போடுகிறார்கள், முடிந்ததும் அவர் பெயரைச் சொல்கிறார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பெயர் வரும்வரை கேட்பேன். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். "அந்தாள் சபையில வெக்கப்பட்டுப்போச்சுதுதானே, விட்டுவிடு" என்றார் சுவாமியார். விட ஏலாது. ஏழு பாட்டுக்கு ஒரு பின்னேர வெட்கம் போதாது.

மாஸ்டர் பென்சனில் இருக்கிறாராம். கண்ணாடி போட்டால் இன்னும் எழுத்து வாசிக்க முடியுமாம். அவர் வாசிக்கட்டும் என்றுதான் இப்போதே எழுதினேன். ஏழு பாட்டும் என்னுடையவை. "திற திற" மட்டும் அவருடையது, அதை அவரே வைத்துக்கொள்ளட்டும்.

1982 பங்குனி 14, ஞாயிற்றுக்கிழமை.