இராக்கம்மாவுக்கு எந்த எண்?

டாக்டர் எழுதியதற்கு ஒரு சொல்லைக் கூட்டாமலும் குறைக்காமலும் வாழ்நாளெல்லாம் வேலை செய்த ஒருவரை நல்லவர் என்பதா, வெறும் கருவி என்பதா? இத்ரூஸ் என்னிடம் விட்டுச்சென்ற கேள்வி இது.

இலங்கையின் பதுளையில் ஓர் ஆஸ்பத்திரியின் பதிவறையில் அவர் எழுத்தர். டாக்டர் துண்டில் எழுதுவதற்குப் நோய்களுக்கான எண் புத்தகத்தைப் பார்த்து உரிய எண்ணைப் போடுவது அவர் வேலை. இரத்த அழுத்தத்துக்கு இரண்டு எண்கள் இருந்தன. ஒன்று, நோய். மற்றது, நோயென்று முடிவாகவில்லை, அளந்தபோது அளவு கூடியிருந்தது என்பது மட்டும். மற்ற எழுத்தர்கள் எந்த நோயாளிக்கும் முதல் எண்ணையே போட்டுவந்தார்கள்.

1981இல் ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து கொழுந்து பறிக்கும் இராக்கம்மா வந்தார். அங்கே ஆள் குறைத்துக்கொண்டிருந்தார்கள். நோய் என்று ஆஸ்பத்திரிச் சீட்டுப் போனால் பேர் வெட்டு. வேலையும் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போய்விடும். டாக்டர் 180/110 என்று மட்டும் எழுதியிருந்தார்.

“நோயின்னு போட்டு அனுப்புங்க நானா,” என்றார் பக்கத்து மேசைக் காமில். “அந்தப் புத்தகத்த நிக்காஹ் முடிச்ச மாதிரியல்லவா பாக்குறீங்க!”

“எழுதியிருக்கிறது அளவு. நோய நான் எங்கேருந்து கொண்டுவாறது?”

இத்ரூஸ் இரண்டாவது எண்ணைப் போட்டார். அப்படிப் போட்டால் இன்னும் இரு தடவை அளக்கவேண்டும். பிறகு இராக்கம்மாவிடம் கேட்டார்: “பஸ்ஸால எறங்கி எப்படி வந்தீங்க?”

“ஓடித்தாங்க. வெரசா திரும்புனா அரை நாள் சம்பளத்துக்குப் பேராச்சும் போடுவாங்கல்ல.”

காலை பஸ்ஸில் வந்து ஏற்றம் ஏறுகிறவர்களின் அளவே அதிகமாயிருப்பதைப் பதிவேடுகளில் கண்டிருந்தவர் அவர். டாக்டர்களே கவனிக்காததை அவர் கண்டதை எண்ணி இன்றும் வியக்கிறேன். அடுத்த இரு வாரமும் இராக்கம்மாவை அரைமணி நேரம் பெஞ்சில் உட்காரவைத்த பிறகே அளக்க விட்டார்.

அளவு குறையவில்லை. டாக்டர் இம்முறை நோயின் பெயரையே எழுதினார்.

“பழைய நம்பரயே போடுங்கய்யா. மூணு புள்ளைங்க இருக்கு.”

“டாக்டர் எழுதிட்டாரு, தங்கச்சி.”

இத்ரூஸ் முதல் எண்ணைப் போட்டார். எழுத்துக் கொஞ்சமும் கோணவில்லையாம், காமில் சொன்னார்.

பேனாவை மூடியவர் லீவு எழுதாமல் எழுந்தார். பதினெட்டு வருடத்தில் அவர் வேலை நேரத்தில் நாற்காலியை விட்டது அன்றுதான். சீட்டைத் தானே எடுத்துக்கொண்டு இராக்கம்மாவோடு தோட்டத்து பஸ்ஸில் ஏறினார். தோட்டத்து நிருவாகியான பெரிய தொரையின் ஆபீசில், மலையேறாத வேலை கேட்டு, பொழுது சாயும்வரை நின்றார்.

பேர் வெட்டப்படவில்லை. இராக்கம்மாவை மலையிலிருந்து இறக்கி நாற்று மேடை வேலையில் போட்டார்கள்.

ஏன் போனார் என்று காமில் வருடக்கணக்காகக் கேட்டுப்பார்த்தார். இத்ரூஸ் அடுத்த துண்டை எடுத்துப் புத்தகத்தைப் புரட்டுவார்.